சுமைகாரனின் இரண்டாம் பயணம்

இரண்டாம் பாகம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் நடுக்கந்தான். ஒரு முறை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போன விருந்தாளிக்கு அதே வீட்டில் மறுபடியும் இலை போடுகிற மாதிரியான காரியம் அது. அன்றைக்குச் செய்த பாயசமே வேண்டும் என்று ஆசையோடு வருவார். அதையே வைத்தால், "போன தடவையும் இதுதானே?" என்று முகத்தைச் சுளிப்பார். வேறு பாயசம் வைத்தாலோ, "என்ன இருந்தாலும் அது மாதிரி வருமா!" என்று பெருமூச்சு விடுவார். கதை எழுதுகிறவன் இந்த விருந்தாளியைக் குறை சொல்ல முடியாது. அவர் வருவதால்தான் இவன் வீட்டில் அடுப்பு எரிகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இப்படிக் காத்திருப்பது பழக்கமான சமாசாரம். சுஜாதா 'என் இனிய இயந்திரா' என்று விஞ்ஞானத் தொடர்கதை எழுதினார். அதில் வந்த ஜீனோ என்ற இயந்திர நாயை விட்டுப் பிரிய யாருக்கும் மனம் வரவில்லை. அவரும் 'மீண்டும் ஜீனோ' எழுதினார். சினிமாவில் 'எந்திரன்' 2010-இல் வந்தது. அதன் அடுத்த பாகமான '2.0' திரைக்கு வர 2018 நவம்பர் ஆகிவிட்டது. எட்டு வருஷம்! முதல் படத்தை அப்பாவின் மடியில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள், இரண்டாவதற்குத் தாங்களே டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள். என்னுடைய நாவல் ஒன்றுக்கும் இரண்டாம் பாகம் கேட்டு அவ்வப்போது கடிதங்கள் வருவதுண்டு. "ஆகட்டும், பார்க்கலாம்" என்று பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, மற்றவர்கள் போடும் இரண்டாம் பாகங்களை நான் வெறும் ரசிகனாகப் பார்ப்பதில்லை. கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கிறவன், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பந்தல் செலவு எவ்வளவு என்று விசாரிப்பானே, அந்தக் கவலையோடு பார்க்கிறேன்.

இந்தத் தடவை நான் காத்திருந்தது ஒரு வீடியோ விளையாட்டுக்காக. வாசகர்களில் சிலர் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட நினைக்கலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். வீடியோ விளையாட்டு என்றால் சிறு பையன்கள் சோற்றை மறந்து 'டுமீல், டுமீல்' என்று சுட்டுக்கொண்டிருப்பது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். அப்படிப்பட்டவையும் உண்டு, அவையே அதிகம். ஆனால் ஒரு நாவல் அளவுக்குக் கதையும், சினிமா அளவுக்குக் காட்சியும், இரண்டிலும் இல்லாத இன்னொன்றும் உள்ள விளையாட்டுகளும் இருக்கின்றன. அந்த இன்னொன்று என்னவென்றால், கதாநாயகன் கால் இடறினால் அதற்கு நாமே பொறுப்பு.

நான் சொல்லும் விளையாட்டின் பெயர் 'டெத் ஸ்ட்ராண்டிங்'. அதை ஆக்கியவர் ஹிதியோ கோஜிமா என்ற ஜப்பானியர். 1963-இல் பிறந்தவர். 1987-இல் 'மெட்டல் கியர்' என்ற விளையாட்டைச் செய்து பெயர் பெற்றவர். எதிரியைக் கொல்வதைவிட அவன் கண்ணில் படாமல் நழுவுவதுதான் சாமர்த்தியம் என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர். 2015 டிசம்பரில் சொந்த நிறுவனம் தொடங்கினார். அங்கிருந்து வந்த முதல் படைப்பு இது. 2019 நவம்பர் 8-ஆம் தேதி வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2025 ஜூன் 26-இல் வந்தது. இடையில் ஐந்தரை வருஷத்துக்கு மேல். அதற்குள் உலகத்திலும் எங்கள் ஊரிலும் என்னென்னவோ நடந்துவிட்டன.

எங்கள் ஊர் சாமளாபுரம். திருப்பூர் மாவட்டத்தில் பல்லடம் தாலுகாவில் நொய்யல் கரையில் இருக்கிறது. பெரிய குளம் ஒன்று உண்டு; நொய்யல் தண்ணீர்தான் அதற்கு ஆதாரம். ஊர் விசைத்தறிக்குப் பேர் போனது. சோமனூரில் தொடங்கிப் பல்லடம் வரைக்கும் காடா துணி நெய்கிற ஊர்கள்தான். ராத்திரி பகல் என்று பாராமல் 'டடக், டடக்' என்று தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியூர் விருந்தாளிகளுக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. எங்களுக்கு அது நின்றால் தூக்கம் வராது.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியதும் அந்தச் சத்தம் நின்றது. என் அக்கா வீட்டுக்காரருக்கு அப்போது எட்டுத் தறி. பாவும் ஊடை நூலும் கொடுக்கிறவர்களிடம் வாங்கி, நெய்து, மீட்டர் கணக்கில் கூலி பெறுகிற தொழில். குடோனைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உழைத்தே பழகியவரை உட்கார வைத்துப் பார்ப்பது கண்ணுக்குச் சுகமான காட்சி அல்ல. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மருமகன், யாரோ நண்பனிடம் பாதி விலைக்கு வாங்கிய பழைய பிளேஸ்டேஷன் பெட்டியை டெலிவிஷனோடு இணைத்தான். நான் அடுத்த தெருவிலிருந்து முகக்கவசத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டேன். அப்படித்தான் முதல் பாகம் எங்கள் வீட்டுக்கு வந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இறந்தவர்களின் உலகத்துக்கும் இருப்பவர்களின் உலகத்துக்கும் நடுவில் இருந்த கதவு உடைந்துவிடுகிறது. இறந்தவர்கள் இங்கே வந்து கரை ஒதுங்குகிறார்கள். மழை பெய்தால், அது தொட்டதையெல்லாம் ஒரு கணத்தில் மூப்படையச் செய்கிறது. மனிதர்கள் பயந்து நிலத்துக்கு அடியில் தனித்தனியே பதுங்கி வாழ்கிறார்கள். ஒருவருக்கொருவர் முகம் பார்ப்பதே இல்லை. இப்படிப்பட்ட உலகத்தில் சாம் என்று ஒருவன். அவன் வீரனும் அல்ல, விஞ்ஞானியும் அல்ல, சுமைகாரன். மருந்து, விதை, உடை என்று எதை எதையோ முதுகில் அடுக்கிக் கட்டிக்கொண்டு, அமெரிக்காவின் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி நடக்கிறான். போகிற இடமெல்லாம் அறுந்துபோன தொடர்பை ஒட்டவைக்கிறான். அவன் மார்பில் ஒரு கண்ணாடிக் குடுவை தொங்குகிறது. அதற்குள் ஒரு சிசு. மூளை செத்துப்போன தாயின் வயிற்றிலிருந்து எடுத்தது. இறந்தவர்கள் அருகில் வந்தால் அந்தச் சிசுதான் உணர்ந்து சொல்லும்.

இது 2019-இல் வந்த கதை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த சில மாதங்களில் உலகமே கதவைச் சாத்திக்கொண்டு, வாசலில் சாமான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற பையனை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. கதை எழுதுகிறவர்களுக்குச் சில சமயம் இப்படி நேர்ந்துவிடுகிறது. அதைத் தீர்க்கதரிசனம் என்று சொல்வதைவிட, தனிமையைப் பற்றி நேர்மையாக யோசித்தவனுக்கு நாட்டு நடப்பு வந்து சாட்சி சொல்லியது என்று சொல்லலாம்.

விளையாட்டில் சுவாரஸ்யம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நடையில். ஆமாம், வெறும் நடையில்! ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கிலோக் கணக்கு உண்டு. அதிகம் அடுக்கினால் சாம் தள்ளாடுவான். இடப்பக்கம் சாய்ந்தால் வலக்கைப் பொத்தானை அழுத்தி நிமிர்த்த வேண்டும். ஓடையில் இறங்கினால் வெள்ளம் இழுக்கும். விழுந்தால் சாமான் நசுங்கும். நடந்து நடந்து செருப்புத் தேயும். மலையேறிக் களைத்து ஓர் உச்சியில் வந்து நின்றால், தூரத்தில் போக வேண்டிய இடம் தெரியும். எங்கிருந்தோ ஒரு பாட்டு மெதுவாகக் கேட்கும். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. வாழ்க்கையில் நான் தூக்கிய மிகப் பெரிய பாரம் பேனாதான், அதனாலும் இருக்கலாம்.

மச்சானுடைய அபிப்பிராயம் வேறு மாதிரி இருந்தது. முதல் நாள் சும்மா எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏங்கண்ணு, அந்தப் பெரிய பெட்டியக் கொண்டுபோயி உச்சியில வெக்கறயே, ஆளு கவுந்துருவானே! கனத்தக் கீழ போடு. இடுப்போட ஒட்டி இருக்கோணும்" என்றார்.

மருமகன் அப்படியே மாற்றி அடுக்கினான். சாம் தள்ளாடாமல் நடந்தான். மச்சானுக்கு உள்ளூரப் பெருமை. சிறு வயதில் துணிப் பீஸ்களைச் சைக்கிளில் கட்டிச் சோமனூருக்கு ஓட்டிய உடம்பு. பாவு சுற்றிய பீமை இன்னொருவரோடு தோள் மாற்றிக் குடோனுக்குள் சுமந்த உடம்பு. பூமியின் மறுகோடியில் இருக்கும் ஒரு நிறுவனம் லட்சக்கணக்கில் செலவு செய்து கணினியில் உண்டாக்கிய எடைக் கணக்கை, அவர் பார்த்த மாத்திரத்தில் சரி என்று ஒப்புக்கொண்டார். விமரிசகர்கள் எழுதிய பாராட்டுகளில் இதைவிடப் பெரியதை நான் படித்ததில்லை.

விளையாட்டின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஸ்ட்ராண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இழை என்று ஒரு பொருள். திமிங்கிலம் போல் கரை ஒதுங்கிக் கிடப்பது என்று இன்னொரு பொருள். கோஜிமா இரண்டையும் ஒன்றாக முறுக்கியிருக்கிறார். கோபோ ஆபே என்ற ஜப்பானிய நாவலாசிரியர் கயிற்றைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். மனிதன் ஆதியில் கண்டுபிடித்த கருவிகள் கம்பும் கயிறும். வேண்டாததை விரட்டக் கம்பு, வேண்டியதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளக் கயிறு என்பது அதில் வரும் கருத்து. இத்தனை காலமும் வீடியோ விளையாட்டுகள் கம்பை வைத்தே ஆடிக்கொண்டிருக்கின்றன, நான் கயிற்றை வைத்து ஒன்று செய்கிறேன் என்று கிளம்பியவர் கோஜிமா. இழையையும் கயிற்றையும் பற்றிய தத்துவத்தை, நூலை நம்பிப் பிழைக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பார்ப்பதில் எனக்கு ஒரு தனி ருசி இருந்தது.

அந்தக் கயிறு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் மிகவும் அழகு. நாம் ஓர் ஓடையின் குறுக்கே ஏணியைப் போட்டுவிட்டுப் போகிறோம். மலைச் சரிவில் கயிறு கட்டி இறங்குகிறோம். அதே விளையாட்டை உலகத்தின் வேறு மூலையில் தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு, அந்த இடத்தில் நம் ஏணி இருக்கும். அவன் நம்மைப் பார்க்க மாட்டான். நாமும் அவனைப் பார்க்க மாட்டோம். ஏணி உதவியாக இருந்தால் ஒரு பொத்தானை அழுத்தி, 'நன்று' என்று தெரிவிக்கலாம். அவ்வளவுதான். அவனைத் திட்ட வழியில்லை, அடிக்க வழியில்லை, அவன் சாமானைப் பறிக்க வழியில்லை. உபகாரம் ஒன்றுதான் செய்ய முடியும்.

இதைப் பார்த்ததும் எனக்கு நம் பக்கத்துச் சுமைதாங்கிக் கற்கள் ஞாபகம் வந்தன. பழைய சாலையோரங்களில் இன்றும் சில இடங்களில் அவற்றைக் காணலாம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் குறுக்கே கிடத்தியிருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறலாம். மறுபடி தூக்கிக்கொள்ளவும் ஆள் வேண்டாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன ஒருத்தியின் பேரால், முகம் தெரியாத மற்றவர்களுக்கு இறக்கி வைக்க ஓர் இடம். தாயின் வயிற்றிலிருந்து எடுத்த சிசுவை மார்பில் கட்டிக்கொண்டு நடக்கும் சாமின் கதையை ஜப்பானில் எழுதியவர் நம் சுமைதாங்கியைப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் எங்கேயாவது ஒன்றை நட்டிருப்பார்.

இனி இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன். இந்த ஐந்து வருஷத்தில் மருமகன் படிப்பை முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. மச்சானுக்கு முதுகுத் தண்டில் வட்டு விலகிவிட்டது. ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தறிக் கூலியும் கட்டவில்லை. எட்டுத் தறிகளையும் போன வருஷம் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு விற்றார். லாரியில் அவை ஏறும்போது அவர் வாசலில் நிற்கவில்லை. குளத்துப் பக்கம் போய்விட்டார். இப்போது குடோன் காலியாக இருக்கிறது. அந்தக் குடோனில்தான் மருமகன் புதிய பிளேஸ்டேஷனையும் பெரிய டெலிவிஷனையும் வைத்திருக்கிறான். விளையாட்டின் விலைக்கு என் நாவலில் பத்துப் பிரதிகள் வாங்கலாம். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். இன்னும் பாதிக்கூட முடியவில்லை. ஆகவே நான் சொல்வதெல்லாம் முதல் அபிப்பிராயம் என்றே கொள்ள வேண்டும்.

கண்ணுக்கு விருந்து என்பதில் சந்தேகமே இல்லை. இந்தத் தடவை சாம் முதலில் மெக்சிகோவிலும் பிறகு ஆஸ்திரேலியாவிலும் நடக்கிறான். செம்மண் காடும் பனி மலையும் மணற்புயலும் மாறி மாறி வருகின்றன. நிலம் நடுங்குகிறது, பாறைகள் உருளுகின்றன. காலையில் முழங்கால் அளவு ஓடிய ஆறு, திரும்பி வரும்போது கரை புரண்டு ஓடுகிறது. இந்த ஆற்றை மச்சான் மிகவும் ரசித்தார். வெள்ளியங்கிரி மலையில் மழை கொட்டினால், எங்கள் ஊரில் ஒரு தூறல் இல்லாமலே நொய்யலில் செந்நீர் வந்துவிடும். "தண்ணி நெறம் மாறுது பாரு, மேல மழ பேஞ்சிருக்குது. இப்ப எறங்காத" என்று மருமகனுக்குப் புத்தி சொன்னார்.

ஆனால் எனக்கு ஒரு குறை. முதல் பாகத்தில் எதுவுமே லேசில் கிடைக்காது. வண்டி ஒன்று கைக்கு வருவதற்குள் கால் தேய்ந்துவிடும். இதில் சீக்கிரமே வண்டி வந்துவிடுகிறது. துப்பாக்கிகளும் தாராளமாக வந்துவிடுகின்றன. கயிற்றின் கதைக்குள் மறுபடியும் கம்பு நுழைந்துவிட்டது. மகெல்லன் என்று ஒரு கப்பல், சாமை ஏற்றிக்கொண்டு வேண்டிய இடத்தில் விடுகிறது. முன்பு நடுங்கிக்கொண்டே தாண்டிய மலைகளை இப்போது சாமான் நிறைந்த வண்டியில் உறுமிக்கொண்டு ஏறுகிறோம். முதல் பாகத்தைப் பொறுமையில்லாதவர்கள் 'தபால்காரன் விளையாட்டு' என்று கேலி செய்தார்கள். அவர்களையும் திருப்தி செய்துவிட வேண்டும் என்று யாரோ நினைத்துவிட்ட மாதிரி தோன்றுகிறது. இதற்கு இசையமைத்த உட்கிட் என்ற பிரெஞ்சுக்காரர் பேட்டி ஒன்றில் ஒரு வேடிக்கையைச் சொல்லியிருக்கிறார். சோதனைக்காக ஆடிப் பார்த்தவர்கள் எல்லோருமே நன்றாக இருக்கிறது என்றார்களாம். எல்லோருக்கும் பிடித்துவிட்டதே என்று கோஜிமாவுக்குக் கவலை வந்து, சில இடங்களை மாற்றினாராம். அந்தக் கவலையை வண்டி விஷயத்திலும் பட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது ஞாயிறு இதை வாய்விட்டே சொன்னேன். "பாரம் போயிருச்சுங்க மச்சான். பழைய சாம் இல்ல இவன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "போகட்டுமே மாப்பிள்ளை. எத்தன நாளைக்குத்தான் சொமப்பான்?"

சொல்லிவிட்டு இடுப்புப் பட்டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். நானும் பேச்சை விட்டுவிட்டேன். பாரத்தின் அழகைப் பற்றி, பாரத்தால் முதுகு போனவரிடம் பிரசங்கம் செய்வது உசிதம் அல்ல.

ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. சுமையில் ஓர் அழகு இருக்கிறது என்று பாடுகிறவர்கள் பெரும்பாலும் சுமக்காதவர்களே. கைத்தறியின் கம்பீரத்தைப் பற்றிப் பேசுகிறவர் பலர் தறிக்குழியில் கால் வைத்திருக்க மாட்டார்கள். அதற்காக, எங்கள் ஊரில் வண்டி வந்த அன்றைக்கு யாராவது அழுதார்களா என்ன? வாழ்க்கையில் பாரம் இறங்கத்தான் வேண்டும். அதற்குத்தான் சக்கரமும் விசைத்தறியும் சுமைதாங்கியும். மச்சான் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட நான் மறுக்கமாட்டேன்.

கதை விஷயம் வேறு. கதை கேட்க வருகிறவன், தன்னுடைய பாரத்தை வாசலில் வைத்துவிட்டு, பிறத்தியான் பாரத்தைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பார்க்கவே வருகிறான். அதன் கனம் தெரியாமல் அவனை அனுப்பினால் வெறுங்கையோடு அனுப்புவதாகும். மச்சானே முதல் பாகத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது எதற்காக? தான் தினமும் தூக்கிய கனம் என்ன என்று இன்னொருவர் வீட்டுப் பிள்ளை தூக்கிக் காட்டியதனால்தானே! சாமுக்கு வண்டி கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்த வண்டிக்காக ஏங்குவதற்கு எனக்கு நேரம் கொடுக்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

இப்படி ஒரு தீர்ப்பை எழுதி மூடிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இரண்டாம் பாகத்தில் வேறொரு பாரம் இருக்கிறது. கதை தொடங்கிச் சிறிது நேரத்துக்குள் சாமுக்கு ஒரு பெரிய இழப்பு நேர்கிறது. அது என்ன என்று சொல்ல மாட்டேன்; காத்திருந்தவர்களின் சாபம் எனக்கு வேண்டாம். அதற்குப் பிறகு அவன் நடக்கும்போது முதுகில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அவன் நடையில் ஒரு கனம் தெரிகிறது. தலை நரைத்திருக்கிறது. மார்பில் தொங்கும் குடுவையைக் கை தானாகத் தடவுகிறது. முதல் பாகத்தில் முதுகில் இருந்த பாரம், இதில் நெஞ்சுக்கு இடம் மாறியிருக்கிறது. அதற்கு வண்டி கிடையாது. கப்பலும் ஏற்றிக்கொள்ளாது.

கேள்வியும் மாறியிருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்துக்குப் பிறகு கதையை மறுபடி முதலிலிருந்து எழுதியதாகக் கோஜிமா சொல்லியிருக்கிறார். முதல் பாகம், 'இணையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்றது. அதற்குப் பிறகு உலகம் முழுவதும் கம்பிவழியாக இணைந்து பேசிக்கொண்டே தனித்திருந்ததை அவர் பார்த்தார். 'நாம் இணைந்திருக்கத்தான் வேண்டுமா?' என்று இரண்டாம் பாகம் கேட்கிறது. தன் முதல் புத்தகம் சொன்ன பதிலைத் தானே கேள்வியாக்குவதற்குத் துணிச்சல் வேண்டும். எனக்கு வந்த கடிதங்களை நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு அந்தக் கேள்வி வெறும் தத்துவமாகவும் இருக்கவில்லை. 2025 ஆகஸ்டு 27-ஆம் தேதி முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி என்று விதித்தது. எங்கேயோ ஒருவர் போட்ட கையெழுத்தில் திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. பவர் டேபிளில் தைக்கிற பெண்ணுக்கு ஓவர்டைம் போயிற்று. 31-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மருமகன் குடோனுக்கு வந்தபோது அவன் முகம் சரியாக இல்லை. அவன் கம்பெனியிலும் அனுப்பத் தயாராக இருந்த சரக்கு பெட்டி பெட்டியாகத் தேங்கிவிட்டதாம்.

"நம்ம நூல் அவங்க கையில இருக்குதுங்க மாமா. அவங்க இழுத்தா நாம ஆடோணும்" என்றான்.

மச்சான் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். எட்டுத் தறியையும் எடைக்குப் போட்டவர், மகன் உத்தியோகமாவது நிலைக்கட்டும் என்று நம்பியிருந்தவர். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "சரி, போடு கண்ணு, பாப்போம்" என்றார் அவரே.

அன்றைக்குச் சாம் ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. வண்டி போகாத இடம். மருமகன் ஏணியைக் குறுக்கே போட்டு அக்கரை சேர்ந்தான். அக்கரைக்குப் போனதும், அடுத்த இடத்துக்கு உதவுமே என்று ஏணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போனான். அப்படி எடுத்துக்கொள்ள விளையாட்டில் வசதி உண்டு.

"எடுக்காத கண்ணு" என்றார் மச்சான். "பின்னால வர்றவனுக்கு ஆகும்."

"நம்மகிட்ட வேற ஏணி இல்லீங்கப்பா."

"நமக்கு எவனாச்சும் போட்டிருப்பான். போ."

மருமகன் ஏணியை விட்டுவிட்டு நடந்தான். கொஞ்ச தூரத்தில் ஒரு செங்குத்துப் பாறை வந்தது. அதன் உச்சியிலிருந்து யாரோ கட்டிய கயிறு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டோம்.

அடுத்த வாரம் பெட்டியைத் திறந்ததும், எங்கள் ஏணியைப் பலர் உபயோகித்து 'நன்று' என்று தெரிவித்திருப்பதாகத் திரையில் வந்தது. பெயர்கள் வாய்க்குள் நுழையாத பெயர்கள். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகில் போய்ப் பார்த்தார்.

"எந்த ஊருக்காரங்க இவங்கெல்லாம்?"

"தெரியாதுங்கப்பா. ஊரெல்லாம் காட்டாது."

"அமெரிக்காக்காரனும் இருப்பானா?"

"இருப்பாங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.